சாம்பல் புதன் அன்னிக்கு வாங்கின பொட்டி

எங்க அக்கா புருஷன் செத்து பல வருசம் ஆச்சு. செத்தவனப் பத்தித் தப்பாப் பேசாதேன்னு சொல்றவங்க, அவன்கூட ஒரே காம்பவுண்டுல ஒரு மாசம் குடியிருந்து பாத்துட்டு அப்பால வந்து எனக்குப் புத்தி சொல்லட்டும். நான் பேசத்தான் போறேன்.

ராயபுரத்துல மாதா கோயிலுக்குப் பின்னாடி சந்துல எங்க காம்பவுண்டு. முன்பக்கம் இருந்த போர்ஷன்ல அக்காவும் அவனும். கடைசி போர்ஷன்ல அம்மாவும் நானும். நடுவுல சிமிட்டித் தரை, துணி காயப்போட ஒரு கொடி, அவ்ளோதான். அவனுக்கு ஹார்பர்ல டாலி கிளார்க்கு வேலை. பேரக் கேட்டு மெரண்டுடாதீங்க, கப்பல்ல இருந்து எறங்குற மூட்டைய எண்றவன். மூட்டை எண்ணிட்டு வூட்டுக்கு வந்து உக்காந்தா கவர்னரே வந்து குந்திகினா மாதிரி ஒரு உதாரு. செருப்ப அக்கா கழட்டணும், தண்ணி அக்கா குடுக்கணும், ஃபேனு இல்லாத வூட்ல விசிறி அக்கா வீசணும்.

அவன் வூட்ல ஒரு ரேடியோ இருந்துச்சு. அவன் வூட்ல இருந்துச்சுன்னு சொல்றதே எனக்கு எரியுது. அது எங்க நைனா வாங்கிக் குடுத்தது. ஹார்பர்ல மூட்டை தூக்குற வின்ச் மெஷின ஓட்டி ஓட்டிக் காது மந்தமாகிப் போன மனுசன், தனக்குப் பாட்டு சரியா கேக்காதுன்னு தெரிஞ்சும், பொண்ணு கேக்கட்டும்னு கல்யாணச் சீரோட சேத்து அனுப்பினாரு. அடுத்த வருசமே போய்ச் சேந்துட்டாரு. அந்த ரேடியோவ எங்க அக்கா தொடக்கூடாது. பொம்பள கை பட்டா ஸ்டேஷன் நகந்துடுமாம். சொன்னான், சிரிக்காம மூஞ்ச வெச்சிகினு சொன்னான். தூசி தட்டறதுகூட அவந்தான். அக்கா அதுங்கூட ஒரே ரூம்ல இருந்தா, ஆனா ஒரு நாளும் அந்தக் குமிழத் திருப்பினதில்ல.

நான் திருவொற்றியூர்ல ஒரு கண்ணாடி பாட்டில் கம்பெனில பேக்கிங்ல இருந்தேன். பகல் பூரா பாட்டிலுங்க ஒண்ணோட ஒண்ணு இடிச்சிகினு கிலுகிலுன்னு சத்தம். சாயங்காலம் பஸ்ஸ வுட்டு எறங்கி வூட்டுக்கு வந்தாலும் அந்தச் சத்தம் மண்டைக்குள்ள ஓடிகினே இருக்கும். அத்தத் தொடைக்க எனக்குப் பாட்டு வேணும். வேற ஒண்ணியும் வேணாம், சோறுகூட லேட்டானா பரவால்ல. சிலோன் ரேடியோல தமிழ்ப் பாட்டு போடுவான், கடலத் தாண்டி அவ்ளோ சுத்தமா வரும். எங்க வூட்ல ரேடியோ இல்ல. அவன் ஜன்னலுக்குக் கீழ போய்க் குந்தினாத்தான் பாட்டு.

சும்மா குந்த வுடுவானா? தெருமுனைக் கொழாவுல இருந்து அவன் வூட்டுக்கு நான் தண்ணி தூக்கியாந்து ஊத்தணும். தொட்டி ரொம்பினா ஜன்னலு தொறந்திருக்கும். இல்லன்னா டப்புன்னு சாத்திடுவான். "மச்சினிச்சி பாட்டுக்காகக் கொழாவயே தூக்கியாந்துடுவா"ன்னு ஹார்பர் ஆளுங்ககிட்டச் சொல்லிச் சிரிப்பான். தண்ணி தூக்கறதுல எனக்கு வலிக்கல. அந்தச் சிரிப்புதான் வலிச்சிது.

அத்தவிடப் பெரிய கொடுமை ஒண்ணு கீது. பாட்ட முழுசா வுட மாட்டான். நல்லா போய்கினு இருக்கும், கடைசி சரணம் ஆரம்பிக்கும், டக்குனு அணைச்சிடுவான். அக்கா மேல எதுக்காவது கோவம்னா அணைப்பான். கொழம்புல உப்புன்னா அணைப்பான். ஒண்ணும் இல்லன்னாலும், நாங்க கேட்டுகினு கீறோம்னு தெரிஞ்சிகினு அணைப்பான். அந்த வருசத்துப் பாட்டுங்கள்ல பாதிக்கு மேல எப்பிடி முடியும்னு எனக்கும் அக்காவுக்கும் தெரியாது. தலையும் ஒடம்பும் தெரியும், காலு தெரியாது. அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டா. அவன் அணைச்சதும் அவ கை ஒரு நிமிசம் நிக்கும், அப்பால காய் நறுக்க ஆரம்பிச்சிடும். அவ சத்தமாப் பேசி நான் கேட்டதே இல்ல. அவளுக்கும் சேத்து நான் கத்துவேன், எங்கம்மா வாயப் பொத்துவா.

இப்ப எங்க ஆளுங்க வயக்கம் ஒண்ணு சொல்லணும், இல்லன்னா மத்தது புரியாது. சாம்பல் புதன்ல ஆரம்பிச்சி ஈஸ்டர் வரிக்கும் நாப்பது நாளு தவக்காலம். கறி கெடையாது, கல்யாணம் கெடையாது, தலைல பூ கெடையாது. சினிமாப் பாட்டும் கெடையாது. ரேடியோ வெச்சிருக்கிற கிறிஸ்தவக் குடும்பம் எல்லாம் அதும்மேல ஒரு துணியப் போட்டு மூடிடும். அதனால புதனுக்கு மொத நாளு செவ்வாய்க்கெழமைல எல்லார் வூட்லயும் கறி வேகும், பாட்டு பாடும். நாப்பது நாளுக்கும் சேத்து அன்னிக்கே கேட்டுக்கணும்.

அந்த வருசம் செவ்வாய்க்கெழம சாயங்காலம் நான் தொட்டி ரொம்பி வழியற வரிக்கும் தண்ணி ஊத்தினேன். காம்பவுண்டுப் பொம்பளைங்க பூரா ஜன்னலாண்ட வந்து குந்திகினாங்க. மூணாவது பாட்டு பாதில போய்கினு இருக்கு. கையக் கழுவிகினு வந்தான், அணைச்சான்.

"மாமா, இன்னும் பாட்டு முடியல."

"நாளிக்கு நோன்பு. இப்பவே மனச அடக்கிப் பழகு."

"நோன்பு நாளிக்குத்தான? இன்னிக்கு இன்னா வந்துச்சு? மீதி பாட்டு இன்னா ஒங்க நைனா வூட்டு சொத்தா?"

ஜன்னலுக்கு வெளிய தலைய நீட்டினான். பல்லுக்குச்சியால பல்லக் குத்திகினே சொன்னான்: "அவ்ளோ ரோசம் கீறவ ஒன் வூட்ல ஒரு ரேடியோ வாங்கி வெச்சிகினு முட்டுற வரிக்கும் கேளேன். எவன் வேணான்னான்?"

எல்லாப் பொம்பளைங்களும் என்னைப் பாத்தாங்க. உள்ள அக்கா தட்டு கழுவுற சத்தம் கேட்டுச்சு. எனக்குக் காதுல இருந்து கால் வரிக்கும் நெருப்பு. சரிடா பேமானி, வாங்கிக் காட்றேன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். ஈஸ்டர் அன்னிக்குக் காலைல இந்தக் காம்பவுண்டே அதிர்றா மாதிரி நான் பாட்டு போடணும், அவன் வாயப் பொளந்துகினு நிக்கணும். அதுவரிக்கும் எனக்குத் தூக்கமே கெடையாது.

மறுநாளு காலைல பூசைக்குப் போனேன். மனுசன் மண்ணுதான்னு சொல்லி சாமியாரு வரிசையா எல்லார் நெத்திலயும் சாம்பல் பூசினாரு. நாலு ஆளு தள்ளி அவனும் நின்னுகினு இருந்தான், கண்ண மூடிகினு, ரொம்பப் பக்தி. மண்ணுக்கு எதுக்குடா ரேடியோன்னு எனக்குத் தோணுச்சு. வெளிய வந்ததும் வேலைக்குப் போவல. சீட்டுக் கட்டி எடுத்து வெச்சிருந்தத முந்தானைல முடிஞ்சிகினு நேரா கல்மண்டபத்தாண்ட போனேன்.

அங்க ஒரு தகர ஷெட்டுல பழைய சாமான் விக்கிற ஆளு ஒருத்தன். கப்பல்காரங்க வுட்டுட்டுப் போற ஃபேனு, இஸ்திரிப் பொட்டி, ரேடியோ எல்லாம் அவன்கிட்ட வரும். எங்க கோயிலு ஆளுதான். ஞாயித்துக்கெழம பூசைல காணிக்கைத் தட்ட ஏந்திகினு வரிசை வரிசையா வருவான், தலையக்கூட நிமித்த மாட்டான், அவ்ளோ பணிவு. அதனாலதான் அவன்கிட்டப் போனேன். மூர் மார்க்கெட்டுல போய் எவன்கிட்டயோ ஏமாறத்துக்கு நம்ம ஆளுகிட்ட வாங்கலாமேன்னு நெனச்சேன். அவன் நெத்திலயும் சாம்பலு இருந்துச்சு, அப்பத்தான் பூசினது.

"பாட்டு கேக்கணும். சத்தம் நல்லா வரணும். வெல கொறச்சலா வேணும்"னேன்.

அவன் கோணித் துணிய எட்த்துட்டு ஒண்ணக் காட்டினான். யப்பா, எனக்கு மூச்சே நின்னுடுச்சு. சாதா ரேடியோ இல்ல அது. முன்பக்கம் பூரா வெள்ளி மாதிரி மினுக்குது, வரிசையா குமிழு, நடுவுல நீளமா கண்ணாடி. ரிசீவர்னு சொன்னான். ரேடியோவும் இதுலயே கேக்கலாம், நாளைக்கு ரெக்கார்டு சுத்துற மெஷின் வாங்கினா அத்தையும் இதுலயே சொருவலாம், சத்தம் தனியா ரெண்டு ஸ்பீக்கர் பொட்டி வழியா வரும்னு சொன்னான். ஒரு கப்பலு கேப்டன் ரூம்ல இருந்து எறங்குனதாம். அக்கா புருஷனோட ரேடியோ இதும்பக்கத்துல வெச்சா சோப்பு டப்பா.

"போட்டுக் காட்டுங்க"ன்னேன். நான் ஒண்ணும் முட்டாள் இல்லியே.

பிளக்க மாட்டினான். கண்ணாடிக்குப் பின்னாடி பச்சையா வெளக்கு எரிஞ்சிது. அவ்ளோ அழகு. "தோ பாரு, உயிரு கீது"ன்னான்.

"பாட்டு வெச்சிக் காட்டுங்க."

அவன் தன் நெத்தியத் தொட்டுக் காட்டினான். அப்பால என் நெத்தியக் காட்டினான். "இன்னாமா நீ? சாம்பல் இன்னும் காயல, ரோட்ல நின்னுகினு சினிமாப் பாட்டு கேக்கறேன்றியே. நான் வெக்க மாட்டேன்மா. எனக்குப் பாவம் வேணாம்."

எனக்கு வெக்கம் பிடுங்கித் தின்னுச்சு. கோயில்ல இருந்து பொம்பளைங்க அந்தப் பக்கமாத்தான் நடந்து வந்துகினு இருந்தாங்க, எல்லார் நெத்திலயும் சாம்பலு. எங்க எவளாவது கேட்டுடப் போறாளோன்னு நானே குனிஞ்சி பிளக்கப் புடுங்கிட்டேன். அவன் புடுங்கல, நான் புடுங்கினேன். அத்த நெனச்சா இன்னிக்கும் என் கையத் திருகணும்போல வருது.

"பயப்படாத. ஒரு மாசம் கேரண்டி"ன்னான். "எதுனா கோளாறுன்னா கொண்டாந்து இங்க கடாசிட்டு வேற எட்த்துகினு போ. நம்ம ஆளுங்கள நான் டபாய்ப்பனா?"

ஒரு மாசம்னு சொன்னதும் நான் தலைய ஆட்டினேன், எவ்ளோ நல்ல மனுசன்னு. தவக்காலம் எத்தினி நாளுன்னு பொறந்ததுல இருந்து தெரியும். ஆனா அந்தக் கணக்கையும் இந்தக் கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பாக்கத் தோணல. நோன்ப யாராவது கடைக் கணக்கோட சேத்துப் பாப்பாங்களா?

சைக்கிள் ரிக்‌ஷாவுல ஏத்திக் கொண்டாந்து எறக்கினேன். அம்மா மாருல அடிச்சிகினா. "சாம்பல் புதன் அன்னிக்கு இத்த வாங்கியாந்திருக்கியே, ஒனக்கு வேற நாளே கெடைக்கலியா? ஈஸ்டர் வரிக்கும் இத்தத் தொட்டே, கைய ஒடைச்சிடுவேன்"னு சொல்லி ஒரு ஊதாப் பொடவைய எட்த்து அதும்மேல போட்டு மூடிட்டா. கோயில்லயும் தவக்காலக் கடைசில சுரூபம்ன்ற சாமி சிலைங்கள ஊதாத் துணியாலதான் மூடி வெப்பாங்க. எங்க வூட்ல மொத நாள்ல இருந்தே ஒரு சுரூபம் ஒக்காந்துகிச்சு.

அன்னில இருந்து அவன் வூட்டுக்குத் தண்ணி தூக்கறத நிறுத்திட்டேன். கொடத்த அவன் வாசல்ல கவுத்து வெச்சிட்டு வந்தேன். அவன் ஒண்ணும் கெட்டுப் போவல, அக்கா போய்த் தூக்கியாந்தா. இடுப்புல ஒண்ணு, கைல ஒண்ணு. அத்தப் பாக்கறப்போ எனக்கு வயிறு எரியும். அதுக்காக மறுபடியும் அவனுக்குத் தண்ணி ஊத்துவேன்னு நெனச்சா தப்பு. தெருமுனைல நின்னு அக்கா கொடத்த வாங்கி வாசப்படி வரிக்கும் நான் தூக்கியாந்து, படில அவ இடுப்புல ஏத்தி வுட்டுடுவேன். அவன் பாக்கறப்போ கொடம் அக்கா இடுப்புல இருக்கும், என் கை காலியா இருக்கும்.

அவன் வாய் சும்மா இருக்குமா? தெனம் எங்க வாசலத் தாண்டறப்போ உள்ள எட்டிப் பாப்பான். "இன்னாமா, பொணத்த மூடி வெச்சிருக்கிறா மாதிரி மூடி வெச்சிருக்கியே, மூணாம் நாளு எந்திரிக்குமா?"

"எந்திரிக்கும் மாமா. எந்திரிச்சி ஒங்க காதப் பொளக்கும், பஞ்சு வாங்கி வெச்சிகோங்க."

"கப்பல்ல வேணாம்னு தூக்கிக் கடாசினது ஒனக்கு ரிசீவரா? நான் ஹார்பர்ல தெனம் பாக்கறேன் அந்தக் குப்பைய."

"நீங்க மூட்டையத்தானே மாமா பாக்கறீங்க."

அக்கா மத்தியானத்துல வருவா, அவன் வேலைக்குப் போனப்பறம். நான் லீவுல இருக்கிற நாள்ல பாத்திருக்கேன். ஊதாப் பொடவைய மெல்ல மேல தூக்கி, முந்தானையால அந்த வெள்ளி முகத்தத் தொடைப்பா. தொடைக்க அதுல ஒரு தூசியும் இருக்காது. ஒரு நாளு என்னைப் பாக்காம கேட்டா: "ஒரு வாட்டி இத்தத் திருப்பிப் பாக்கட்டுமா? சும்மாத்தான். கரண்ட் இல்லாம."

 கல்யாணமாகி ஆறு வருசம், எங்க நைனா ரேடியோ அவ தலைமாட்டுலயே கீது, இவ எங்கிட்ட வந்து கரண்ட் இல்லாத குமிழத் திருப்பட்டுமான்னு கேக்கறா. "ஈஸ்டர் அன்னிக்கு இத்த மொதல்ல போடப் போறதே நீதான்"னு சொன்னேன். "அவன் முன்னாடி போடுவ. ஒரு பாட்டு மொதல்ல இருந்து கடைசி வரிக்கும் கேப்ப. எவன் வந்து அணைக்கிறான்னு பாக்கறேன்." அவ சிரிச்சா. அப்பால அந்தக் குமிழ இந்தாண்ட ஒரு வாட்டி அந்தாண்ட ஒரு வாட்டி திருப்பிட்டு, பொடவைய இழுத்து மூடிட்டுப் போய்ட்டா. அதுக்கு அப்பால எனக்குப் பாட்டு வேணும்ன்றதுகூட ரெண்டாம் பட்சம். அக்கா ஒரு பாட்ட முழுசாக் கேக்கணும், அவ கையால போட்டுக் கேக்கணும். நாப்பது நாளும் எனக்கு அதான் செபம்.

ஈஸ்டர் பூசை முடிஞ்சி, விடிஞ்சி, எல்லாரும் புதுத் துணியோட நடுவுல சிமிட்டித் தரைக்கு வந்துட்டாங்க. ரிசீவர ஸ்டூல்மேல வெச்சி, ரெண்டு பக்கமும் ரெண்டு ஸ்பீக்கர் பொட்டி. அவன் வூட்டுக்குள்ள இருந்து நாற்காலியத் தூக்கியாந்து எதிர்லயே போட்டுகினு காலு மேல காலு போட்டான். அக்காவக் கூப்ட்டேன். அவ புருஷன ஒரு பார்வை பாத்துட்டு, கைய முந்தானைல தொடைச்சிகினு வந்து குமிழத் திருப்பினா.

பச்சை வெளக்கு எரிஞ்சிது. பசங்க எல்லாம் ஹோன்னு கத்துனாங்க. அப்பால ஒண்ணும் இல்ல.

"வால்வு செட்டு, சூடாவணும்"னு யாரோ சொன்னாங்க. சரின்னு நின்னோம். சூடாவட்டும், சூடாவட்டும். அக்கா கைய எடுக்காம குமிழுமேலயே வெச்சிகினு இருந்தா. நான் எல்லாக் குமிழையும் திருப்பினேன், ஒயர ஆட்டினேன், பக்கவாட்டுல ஒரு தட்டு தட்டினேன். கொர்ருனு ஒரு சத்தமாவது வரணுமே? ஒண்ணியும் இல்ல. வெளக்கு மட்டும் பல்லக் காட்டிகினு எரியுது.

அவன் தொடையத் தட்டித் தட்டிச் சிரிச்சான். "இன்னாமா, ஆண்டவரே எந்திரிச்சிட்டாரு, ஒன் பொட்டி இன்னும் எந்திரிக்கலியே!" எந்திரிச்சி உள்ள போனான். எங்க நைனா ரேடியோவ முழுச் சத்தமா வெச்சான். நாப்பது நாளு பாட்டே கேக்காத ஜனம், ஒவ்வொருத்தரா அவன் ஜன்னலாண்ட போச்சு. எங்க அம்மாவே போனா. அக்கா போவல. அவ குமிழ்ல இருந்து கைய எட்த்து, "பரவால்ல வுடு"ன்னு சொல்லிட்டு, பண்டிகைச் சமையலுக்கு உள்ள போய்ட்டா. அந்தப் பரவால்லதான் என்னைக் கொன்னுச்சு. அழுதிருந்தாகூடத் தாங்கிருப்பேன்.

திங்கக்கெழம காலைல ரிசீவரையும் ஸ்பீக்கருங்களையும் ரிக்‌ஷாவுல ஏத்திகினு கல்மண்டபம் போனேன். ஷெட்டுல அந்தச் சாமான்காரன் ஒரு பழைய மரப்பொட்டி ரேடியோவுல பாட்டு வெச்சி, தாளம் போட்டுகினே எதோ ஒயர ஈயத்தால பத்த வெச்சிகினு இருந்தான். என்னைப் பாத்ததும் பாட்டக் கொறைச்சான்.

"வேலை செய்யல"ன்னேன்.

"என்னிக்கு வாங்கினே?"

"ஒனக்குத் தெரியாதா? சாம்பல் புதன்."

வெரல வுட்டு எண்ற மாதிரி ஒரு நடிப்பு நடிச்சான். "ஒரு மாசம் தாண்டிடுச்சேமா. கேரண்டி முடிஞ்சிது. இத்தினி நாளு இன்னா பண்ணிகினு இருந்தே?"

"தவக்காலத்துல பாட்டு வெப்பாங்களா?"

"அத்த என்னைக் கேட்டா? வருசா வருசம் ஈஸ்டர் முடிஞ்சா போதும், யார்னா ஒருத்தர் பொட்டியத் தூக்கியாந்து இதே மாதிரி கத்துவீங்க. எனக்குப் பயகிப் போச்சு."

அவன் வாயில இருந்து அது நழுவினதும் எனக்கு எல்லாம் வெளங்கிடுச்சு. வருசா வருசம். நெத்தில சாம்பலோட வர்றவங்களாப் பாத்துப் பாத்து வித்திருக்கான். போட்டுக் கேக்க மாட்டோம், கேட்டா நோன்பச் சொல்லி வாய அடைச்சிடலாம். வூட்டுக்குக் கொண்டு போனாலும் துணியால மூடி வெச்சிடுவோம். தொறக்கறப்போ கேரண்டி போய்டும். வேற எந்த ஜனத்துகிட்டயும் இந்த வித்த பலிக்காது. எங்க பக்தியவே எங்க கண்ணுல மண்ணாத் தூவிட்டு, ஞாயித்துக்கெழம எங்க முன்னாடியே தட்ட நீட்டிகினு வர்றான்.

அவன் மேசைல கெடந்த திருப்புளிய எட்த்தேன். "யம்மா, யம்மா"ன்னு எந்திரிச்சான். "கிட்ட வந்தே, இதாலயே குத்திடுவேன்"னேன். பின்பக்கத் தகரத்தக் கழட்டினேன். எனக்கு ரேடியோ வேலை தெரியாது, தெரியணும்னும் இல்ல. உள்ள வால்வுன்ற கண்ணாடிக் குழாய சொருவுற எடம் பூரா வெறும் ஓட்டை. கரப்பான் பூச்சி முட்டை. ஒரு சின்ன பல்பு, அதுக்கு மட்டும் ரெண்டு ஒயரு. உள்ள இருந்தத எல்லாம் உருவி வேற செட்டுக்குப் போட்டுட்டு, எனக்கு அந்தப் பச்சை வெளக்க மட்டும் வித்திருக்கான் கஸ்மாலம்.

"அடப்பாவி, சாம்பலு காயறதுக்குள்ளயாடா?"

"மெதுவாப் பேசுமா, ரோட்ல ஆளு போவுது."

"ரோட்லயா? நான் ஏன் ரோட்ல பேசணும்? வர்ற ஞாயித்துக்கெழம பூசை வுட்டதும் கோயிலு வாசல்ல இத்தத் தொறந்து வெப்பேன். ஒவ்வொருத்தரா வந்து குனிஞ்சி பாக்கட்டும். நீ தட்ட வெச்சிகினு வெளிய வர்ற வரிக்கும் நான் அங்கியே நிப்பேன்."

அவன் மூஞ்சில ரத்தமே இல்ல. போலீசுக்குப் போறேன்னு சொல்லிருந்தா சிரிச்சிருப்பான். கோயிலு வாசலுன்னதும் கையெடுத்துக் கும்புட்டான். "இன்னா வேணும் சொல்லு, எட்த்துகினு போ"ன்னான்.

அவன் பாட்டு கேட்டுகினு இருந்த மரப்பொட்டியக் காட்டினேன்.

"அய்ய, அது விக்கிறது இல்லமா. அது நான் கேக்கறது."

"அதனாலதான் கேக்கறேன். நீ கேக்கறது செத்ததா இருக்காது."

பிளக்கப் புடுங்கி, அந்த மரப்பொட்டியத் தூக்கிகினேன். போறதுக்கு முன்னாடி அந்த வெள்ளி மூஞ்சி ரிசீவரக் கீழ தள்ளி, கண்ணாடிமேல ஒரே ஒதை. பொடிப் பொடியாப் போச்சு. அடுத்த வருசம் அத்த எவ தலைலயும் கட்ட முடியாது. 

சாயங்காலம் அந்த மரப்பொட்டிய எங்க வாசப்படில வெச்சேன். பாக்கறதுக்குக் கலீஜா இருந்துச்சு. ஸ்பீக்கர் துணி கிழிஞ்சி தொங்குது. முன்னாடி ஒரு குமிழுகூட இல்ல, குமிழு இருந்த எடத்துல வெறும் கம்பி நீட்டிகினு கீது. அக்கா புருஷன் வேலை முடிஞ்சி வந்து அவன் வூட்டுக்குள்ள பனியனோட ஒக்காந்திருந்தான். அக்காவக் கூப்ட்டேன். அடுப்புல இருந்து அப்பிடியே வந்தா, கை ஈரத்தோட. தொடைச்சிகினு கீழ குந்தினா. ரெண்டு வெரலால அந்தக் கம்பியப் பிடிச்சித் திருப்பினா.

மொதல்ல இரைச்சலு. அப்பால எங்கியோ தூரத்துல இருந்து வர்றா மாதிரி மெதுமெதுவா சத்தம் ஏறி, ஒரு பாட்டு ஆரம்பிச்சிது. ஆரம்பமே கெடைச்சிது.

"ஏய், காபி எங்க?" உள்ள இருந்து அவன்.

அக்கா எந்திரிக்கல. காது கேக்கலியா, கேட்டும் குந்தியிருந்தாளா, தெரியாது.

"காபி எங்கன்னு கேட்டேன்!" வெளிய வந்துட்டான். அவ எதும் முன்னாடி குந்திகினு கீறான்னு பாத்தான். அவன் பார்வை ஒயரு போற வழில போய், பிளக்காண்ட நின்னுச்சு. கைய நீட்டிகினு வந்தான்.

நான் குறுக்க போய் நின்னேன். அதுக்கு அப்பால நான் பேசினத எல்லாம் எழுத முடியாது, எழுதினா எவனும் அச்சடிக்க மாட்டான். ஆறு வருசம் உள்ள அடைச்சி வெச்சிருந்தது ஒண்ணா ஒடைச்சிகினு வந்துச்சு. எங்க நைனா ரேடியோவப் பத்திக் கேட்டேன், தண்ணி தூக்கினதக் கேட்டேன், நேத்து சிரிச்ச சிரிப்பக் கேட்டேன். "பிளக்கத் தொட்டுப் பாருடா, தொட்டுப் பாரு"ன்னேன். மாமான்றது எப்பவோ போய், டா வந்துடுச்சு. அவனும் சும்மா இல்ல, எங்க அப்பன் பாட்டன்னு ஆரம்பிச்சி என் கல்யாணம் ஆவாத கதை வரிக்கும் இழுத்தான். நான் எகிற, அவன் எகிற, காம்பவுண்டு பூரா வெளிய வந்துடுச்சு. அம்மா என் கையப் பிடிச்சி இழுக்கறா. நான் வுடுவனா? அக்காவுக்காக ஒரு சண்ட, இத்த வுட்டா வேற சான்சு எனக்குக் கெடைக்காது.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க."

யாருன்னு திரும்பிப் பாத்தேன். அக்கா. கத்தலதான். ஆனா அவ்ளோ சத்தமா அவ பேசி அதுவரிக்கும் நாங்க யாரும் கேட்டதில்ல. எங்க ரெண்டு பேரையும் அவ திரும்பிக்கூடப் பாக்கல. அந்தக் கிழிஞ்ச துணிமேல காத வெச்சிகினு இருந்தா.

"பாட்டு கேக்கல"ன்னா.

அவன் நீட்டின கை அப்பிடியே நின்னுச்சு. நானும் வாய மூடிட்டேன். ஜென்மத்துக்கும் பேசக்கூடாத ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல மூச்சு வாங்கிகினு, அவனை எங்க கடிக்கலாம்னு நானும், என்னை எங்க அடிக்கலாம்னு அவனும், பேசாம நின்னோம். பாட்டு முடிஞ்சிது. அறிவிப்பாளரு அடுத்த பாட்டச் சொல்ல ஆரம்பிச்சாரு. அக்கா அந்தக் கம்பியத் தானே திருப்பி அணைச்சா. எந்திரிச்சி முந்தானைய ஒதறிகினு, "காபி போடறேன்"னு சொல்லிட்டு உள்ள போய்ட்டா. அவனும் அவ பின்னாடியே போனான்.

அது இன்னா பாட்டுன்னு என்னைக் கேட்டா எனக்குத் தெரியாது. சண்டையும் நான்தான் போட்டேன், பொட்டியும் நான்தான் கொண்டாந்தேன், ஸ்பீக்கருக்குப் பக்கத்துலயேதான் நின்னுகினு இருந்தேன். கோவத்துல ஒரு வரிகூட என் காதுல ஏறல. அக்காதான் கடைசி வரிக்கும் கேட்டா.